சபாக் குயில் உட்கார்ந்த இடம்

இந்த ஊரில் எல்லோருக்கும் நான் மச்சான். காலையில் கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளியதும் முதல் ஆளாக வந்து உட்காரும் மலாய்ப் பையன், "மாச்சா, போத்தோங் பெண்டேக்" என்கிறான். முடியை ஒட்ட வெட்டச் சொல்கிறான். அடுத்து வரும் சீன மீன் வியாபாரிக்கும் நான் மாச்சாதான். பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்க்கும் நேப்பாளத்துக்காரன்கூட யாரிடமோ கற்றுக்கொண்டு அப்படித்தான் கூப்பிடுகிறான். எங்கள் மன்னார்குடிப் பக்கம் மச்சான் என்றால் கூடப் பிறந்தவளைக் கட்டியவன், இல்லையென்றால் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டவன். கோபித்துக்கொண்டு போனால் பின்னாலேயே போய்ச் சமாதானம் பேசவேண்டியவன். வந்த புதிதில், இத்தனை பேரும் கற்பகத்தின் அண்ணன் தம்பிகளா என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். கற்பகம் என் மனைவி, ஊரில் இருக்கிறாள். பிறகு அந்த விளிப்பும் காதுக்குப் பழகிவிட்டது.

பழகாதது ஒன்று உண்டு. நான் முடி திருத்துகிற கடை கோல சிலாங்கூர் பழைய கடைத்தெருவில் இருக்கிறது. பாமாயில் எடுக்கிற செம்பனை வளரும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சனிக்கிழமை மாலை தமிழ்க் குடும்பங்கள் மோட்டார் சைக்கிளில் டவுனுக்கு வருவார்கள். புருசன் என் நாற்காலியில் உட்காருவான். பெண்டாட்டி எதிர்க் கடையில் சாமான் வாங்குவாள். முடி வெட்டி, பின்கழுத்தில் பவுடர் போட்டு நான் அனுப்பியதும், அந்தப் பவுடர் வாசனையோடு அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அவள் அவன் தோளில் கை வைத்திருப்பாள். நான் கீழே கிடக்கும் முடியைக் கூட்டுவேன். அவர்களும் தமிழர், நானும் தமிழன். அவர்களுடைய தாத்தா காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்துதான் கப்பலேறி வந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பொழுது சாய்ந்தால் வீடு இருக்கிறது. எனக்குக் கடைக்கு மேலே ஒரு அறையும், வருசா வருசம் புதுப்பிக்கிற வேலை பெர்மிட்டும் இருக்கின்றன. எனக்கு எரியும். உள்ளதைச் சொன்னால் என்ன, நான் பொறாமை பிடித்தவன்தான்.

கடை முதலாளி புஷ்பாக்கா. இங்கே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்து வளர்ந்தவர். புருசன் இறந்த பிறகு கடையை விற்காமல் தானே கல்லாவில் உட்கார்ந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. அதில் நாள் முழுக்க உள்ளூர்த் தமிழ்ப் பாட்டுகள் ஓடும். இங்கே இவர்களே எழுதி, இவர்களே பாடி வெளியிடும் பாட்டுகள் அவை. நம் ஊரில் யாருக்கும் தெரியாது. அதில் ஒன்று அக்காவுக்கு உயிர். மனசு உடைந்து போன ஒருத்தி, அது எப்படி ஆறியது என்று பாடுகிற பாட்டு.

"ஆறிப்போச்சு மாமா, ஆறிப்போச்சு. நீ போன வழியில புல்லும் முளைச்சாச்சு." அவள் இப்படித் தொடங்குவாள். நடுவில் ஆண் குரல் வரும். நான் வேலை மும்முரத்தில் ஆண் பாடுவதைக் காதில் வாங்கியதே இல்லை. விட்டுப் போனவனுக்கு நல்லா கொடுத்தாள் போ, என்று மட்டும் நினைத்துக்கொள்வேன். வாடிக்கையாளர்களும் அப்படித்தான் தலையாட்டிக் கேட்பார்கள். விட்டுப் போனவர்களில் நானும் ஒருவன் என்பது அப்போது தோன்றவில்லை.

நான் வந்த முதல் வருசம் கற்பகம் போனை எடுத்தாலே அழுவாள். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் கடையிலிருந்தே வீடியோவில் கூப்பிடுவேன். அடுப்படியில் நின்றுகொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடியே இருப்பாள். "அழுவாத கற்பகம்" என்று அதட்டுவேன். வெளியே அதட்டல், உள்ளே ஒரு சுகம். எனக்காக ஒருத்தி அங்கே அழுகிறாள் என்ற தெம்பில் இங்கே பொழுது ஓடியது. பிறகு அழுகை குறைந்தது. மகள் நர்சிங் படிப்பில் சேர்ந்தாள். கற்பகம் மகளிர் குழுவில் சேர்ந்தாள், ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். போனில் சிரிக்கத் தொடங்கினாள். ஒருநாள் நான் கூப்பிட்டபோது, "அப்பறம் பேசுறேங்க, பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். பாட்டா? என் பெண்டாட்டியா? கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் பாடியிருக்கிறாளாம். எனக்கு அதுவே தெரியாது. அவள் அழுகை நின்றதை நினைத்து நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது.

அந்த வாரம் வாட்ஸ்அப்பில் ஏதோ ஒரு இணைப்பை அனுப்பினாள். தட்டிப் பார்த்தேன். அவள் முகமும் பாட்டும் வந்தன. ஒரு நாற்காலியில் ஆள் காத்திருந்தார். ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு, கத்தரியை எடுத்தேன். அதோடு அந்த விசயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. சில நாள் கழித்து புஷ்பாக்கா கல்லாவிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, இங்க வா. இது ஒன் சம்சாரம் தானே? நம்ம சபாக் குயிலோட பாடியிருக்கு பாரு."

பார்த்தேன். போன் திரை நடுவில் ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் எங்கள் வீட்டு அடுப்படி. பச்சைப் புடவையில் கற்பகம். அவளுக்குப் பின்னால் சுவரில் தினசரிக் காலண்டர், மிக்சி, மகளின் மழைக்கோட்டு. மறுபக்கம் யாரோ ஒருவன். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, லோரியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவள் "ஆறிப்போச்சு மாமா" என்று முடிக்கிறாள். அவன் கண்ணை மூடி அடுத்த வரியை எடுக்கிறான். என்ன குரல்! தேன் மாதிரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் குரல் என்றால் அதுதான் குரல். கீழே அவன் பெயர், சபாக் குயில். சபாக் இங்கே வடக்கே இருக்கிற ஊர். குயிலாம், குயில்!

அக்காதான் விளக்கினார். இந்தச் செயலியில் ஒருவர் பாட்டின் தன் பாதியைப் பாடிவிட்டு மறுபாதியைக் காலியாக விட்டு வைப்பார். விருப்பமுள்ளவர் எந்த நாட்டிலிருந்தும் வந்து அந்தப் பாதியைப் பாடிச் சேர்ந்துகொள்ளலாம். இங்கே தோட்டங்களில், கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களில், லோரியில், எல்லோரும் இதைத்தான் வைத்துக்கொண்டு பாடுகிறார்களாம். ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் வேறு. "சும்மா பாட்டுத்தானே லா" என்றார் அக்கா, இந்த ஊர்ப் பேச்சின் லாவைக் கடைசியில் ஒட்டி. சும்மா பாட்டுத்தான். ஆனால் மாமா என்று கூப்பிடுவது என் பெண்டாட்டி, அதற்குப் பதில் சொல்வது ஒரு லோரிக்காரன்.

அன்றிலிருந்து கைவேலை இல்லாத நேரமெல்லாம் அந்தப் பாட்டைத்தான் போட்டுப் பார்த்தேன். பல்வலிக்காரன் நாக்கால் அந்தப் பல்லையே தொட்டுக்கொண்டிருப்பானே, அந்த மாதிரி. ஒருநாள் காத்திருந்த நாற்காலியில் ஒரு பாக்சிக் உட்கார்ந்திருந்தார். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிப் போகும் வயதான மலாய்க்காரர். எட்டிப் பார்த்து, கற்பகத்தைக் காட்டி, "சியாப்பா?" என்றார். யார் என்கிறார். "இஸ்திரி" என்றேன், மனைவி என்று. என் மனைவி என்று சொல்ல இன்னொரு சொல் சேர்த்திருக்க வேண்டும். அது அந்த நேரத்தில் வரவில்லை. அவர் முகம் மலர்ந்தது. குயிலின் பக்கம் விரலை வைத்து, புருசன் குரல் ரொம்ப நன்றாக இருக்கிறது, இரண்டு பேரும் நல்ல பொருத்தம் என்று மலாயில் சொன்னார். இவளுக்கு இவன் புருசன் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். இல்லை, நான்தான் புருசன் என்று சொல்ல எனக்குத் தெரிந்த மலாய் போதும். ஆனால் சொல்லிவிட்டு, பிறகு ஏன் அவன் பாடுகிறான் என்று அவர் கேட்டால் அதற்கு எந்த மொழியிலும் என்னிடம் பதில் இல்லை. "யா, யா" என்று சொல்லிவிட்டு அவருக்குத் துணியைப் போர்த்தினேன்.

அந்த மாதம் பெர்மிட் முடிகிற மாதம். அக்கா பாஸ்போர்ட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தார். புதுப்பித்து இன்னொரு வருசம் இருப்பதா, முடித்துக்கொண்டு ஊருக்குப் போவதா என்று நான்தான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் யோசிக்காமல் எடுத்து நீட்டிவிடுவேன், மகள் படிப்பு முடிய வேண்டுமே. இந்த முறை கை வரவில்லை. நீ போன வழியில் புல் முளைத்துவிட்டது என்று ஒருத்தி பாடுகிறாள். அது வெறும் பாட்டா, எனக்குச் சொன்ன சேதியா? சேதி என்றால் நான் இங்கே இருந்தாலென்ன, அங்கே போனாலென்ன? எனக்கு இல்லாத இடத்துக்கு எதற்கு டிக்கெட்? குயில் மேல் இருந்த பொறாமையைவிட இது மோசமாக இருந்தது. அவள் ஆறிவிட்டதன் மேலேயே எனக்குப் பொறாமை. நான் இன்னும் ஆறவில்லை. அவள் மட்டும் எப்படி முதலில் ஆறலாம்?

கற்பகத்திடம் கேட்கவில்லை. கேட்டால் நான் தாழ்ந்து போவேன் என்று ஒரு வீம்பு. போனில் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையோடு வெட்டிவிடுவேன். அவளிடம் கேட்காதவன், சபாக் பக்கத்திலிருந்து முடி வெட்ட வந்த ஒவ்வொருவரிடமும் அவனைப் பற்றி விசாரித்தேன். யார் அவன், எங்கே இருக்கிறான், கல்யாணம் ஆனவனா? பெயர் குணா, வீடு சுங்கை பஞ்சாங், செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறான், கல்யாண விருந்துகளில் பாடுவான் என்று தெரிந்தது. விசாரித்ததால் ஒரு வினை வந்தது. கோல சிலாங்கூரில் ஒரு முடிவெட்டும் அண்ணன் உன்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டான்.

ஒரு மத்தியானம் கடை வாசலில் லோரி நின்றது. தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒருவன் பல்லெல்லாம் தெரிய உள்ளே வந்தான். கையில் ஒரு பொட்டலம் கச்சான் பூத்தே, அதாவது வறுத்த கடலை.

"அண்ணே, நீங்கதான் என்னைய விசாரிச்சதா சொன்னாங்க. நான்தான் சபாக் குயில். எனக்கு இம்புட்டுத் தூரத்துல ஒரு ரசிகர்னு கேட்டதும் சந்தோசமாப் போச்சு லா. அதான் சவரம் பண்ணிக்கிட்டுப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

ரசிகனாம்! என்ன சொல்வது? நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தான். நுரை தடவினேன். புதுப் பிளேடு மாட்டினேன். தலையைப் பின்னால் சாய்த்து, அந்தக் குரல் வருகிற தொண்டையை என் கத்திக்குக் கீழே நீட்டிக்கொண்டு கண்ணை மூடினான். பாட்டில் மூடுவானே, அதே மாதிரி. கல்லாவிலிருந்து புஷ்பாக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கத்தியைச் சீராக இழுத்தேன். தொழில் அப்படி. ஒரு பக்கக் கன்னம் முடிந்ததும், மன்னார்குடிக்காரி ஒருத்தியோடு பாடியிருக்கிறாயே, அவளை உனக்குத் தெரியுமா என்று சாதாரணமாகக் கேட்கிறவன் போலக் கேட்டேன்.

"தெரியாதுண்ணே. அந்த அக்கா யாரு என்னன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம ஊருப் பாட்ட இந்தியாவுல ஒருத்தங்க பாடுறாங்களேன்னு ஆச்சரியமாப் போய்த்தான் சேந்தேன்." மறு கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு தானே சொன்னான். "ஆனா ஒண்ணுண்ணே. பாடி முடிச்சப்பறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆம்பளப் பாட்டு வர்ற எடத்துல மத்தவங்க சும்மா கேமராவப் பாத்துச் சிரிப்பாங்க, தலைய ஆட்டுவாங்க. அந்த அக்கா அப்படி இல்ல. அந்த எடம் வந்ததும் கதவுப் பக்கம் திரும்பிப் பாக்குறாங்க. அது எனக்கு விட்ட எடம் இல்ல. யாருக்கோ நாற்காலி போட்டு வச்ச பார்க்கிங்ல நான் லோரிய விட்ட மாதிரி ஆயிப்போச்சு."

நம் ஊரில் ஓடுகிற பேருந்தின் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். இங்கே வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு கார் நிறுத்த இடம் பிடிக்கிறார்கள். இரண்டும் எனக்குப் புரியும். அந்தத் திரையை எத்தனை தரம் பார்த்திருப்பேன்! அவன் பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்த எனக்கு அவள் கதவைப் பார்த்தது கண்ணில் படவே இல்லை. மறு கன்னத்தையும் முடித்து, பவுடர் போட்டு, "நல்லாப் பாடுற தம்பி" என்றேன். அதை என் வாயால் சொல்ல வேண்டி வந்ததே என்று அப்போதும் எரிந்தது. காசு வேண்டாம் என்றேன். ரசிகர் என்றே நம்பிக்கொண்டு போய்விட்டான். அவன் கொண்டுவந்த கடலையை அக்காவும் நானும் தின்றோம்.

அன்று கூப்பிட்டேன். கற்பகம் எடுத்ததும் நலம் விசாரிப்பு ஒன்றுமில்லாமல், "அந்தப் பாட்ட எதுக்குப் பாடுன?" என்றேன்.

அவள் சிரித்தாள். "ஒங்க கடையில எந்நேரமும் அதான ஓடுது. நீங்க பேசுறப்பல்லாம் பின்னால கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. ஒங்களுக்குப் புடிச்ச பாட்டுன்னு நெனச்சேன். பாதிய விட்டுட்டு ஒங்களுக்குத்தான அனுப்புனேன்? நீங்க கட்டவெரலக் காட்டிட்டுப் போயிட்டீங்க."

இருந்தாலும் விடவில்லை. கேட்க வேண்டியதை அன்று கேட்காவிட்டால் பிறகு கேட்க மாட்டேன் என்று தெரிந்தது. உனக்கு நிஜமாகவே ஆறிப்போய்விட்டதா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. குக்கர் விசில் ஒன்று கேட்டது. அவள் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"ஆறித்தாங்க போச்சு. பொய் சொல்ல மாட்டேன். ஆறாம எப்படி இருக்கறது? புள்ளைய யாரு காலேசுல விடுறது? மொத வருசம் மாதிரியே நான் அழுதுக்கிட்டே கெடக்கணும்னு நெனைக்கிறீங்களா?"

ஆமாம் என்றுதான் என் மனசு சொன்னது.

"அந்தப் பாட்டுல ஆம்பள என்ன பாடுறாருன்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கீங்களா? மொதல்ல அதக் கேளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வருசக்கணக்காக என் தலைக்கு மேலே ஓடிய பாட்டு. புஷ்பாக்காவிடம் சத்தத்தைக் கூட்டச் சொல்லி, கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முதன்முறையாக அந்த ஆணின் வரிகளைக் கேட்டேன். குயில் பாடியபோதும் எரிச்சலில் குரலைத்தான் கேட்டேனே தவிர, வார்த்தையைக் காதில் வாங்கவில்லை. "புல்லு முளைச்சா என்ன புள்ள? கால வச்சாப் பாததானே." அவ்வளவுதான் அவன் பாடுவது. புல் முளைத்ததற்கு அவன் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. ஏன் முளைத்தது என்று என்னைப் போலக் கேட்கவும் இல்லை. ஆறிய புண்ணைக் கிளறாமல், நடந்து வருகிறேன் என்று மட்டும் சொல்கிறான். அந்த வரிக்காகத்தான் இந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று அக்கா சொன்னார். வரமுடியாத இடத்துக்குப் போய்விட்ட தன் புருசனைத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். நான் மேலே கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இங்கே மலாய்க்காரர்கள் எல்லோரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். கடைத்தெரு ஓய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் கதவைப் பாதி இறக்கிவிட்டு, அக்கா சொல்லிக்கொடுத்தபடி போனைக் கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்துப் பாடினேன். எனக்குச் சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. அவள் முடித்துக் கதவைத் திரும்பிப் பார்த்து, மறுபடி இந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் என் குரல் வந்து சேர்ந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படியே அனுப்பினேன். கற்பகத்திடமிருந்து வெகுநேரம் பதிலே இல்லை. பிறகு கூப்பிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "அழுவாத கற்பகம்" என்றேன். இந்த முறை அதட்டல் வரவில்லை.

அழுது முடித்துவிட்டு, "குயிலு ஒங்கள விட நல்லாப் பாடியிருந்தாரு" என்றாள். சரி, இனி யாரும் வந்து சேராதபடி அந்தப் பாதியை மூடிவிடு என்று சொன்னேன். அதற்கு அவள் சொன்ன பதிலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"நீங்க இங்க வந்து கால வையுங்க. அப்ப மூடுறேன்."

பாஸ்போர்ட்டைப் புஷ்பாக்காவிடம் கொடுத்தேன். மகள் படிப்பு இன்னும் முடியவில்லை. ஆக, நான் இங்கேதான் இருக்கிறேன், அந்தப் பாதி அங்கே திறந்துதான் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் வரலாம். கடைசியாகச் சேர்ந்தவர்தான் மேலே தெரிவார். நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் கடைத்தெரு ஓய்ந்ததும் கதவைப் பாதி இறக்கி, அதே பாட்டில் மறுபடியும் நானே போய்ச் சேர்ந்துகொள்கிறேன். நடுவில் எவனாவது வந்திருந்தால் கீழே போய்விடுவான். ஜொகூர்க்காரன் ஒருவனையும், திருப்பூர்க்காரன் ஒருவனையும் இப்படித்தான் இறக்கினேன்.

போன வாரம் நான் பாடியதையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றிலும் அதே பச்சைப் புடவை, அதே மிக்சி, சுவரில் கிழிக்காத அதே தேதி. அவள் பாடி முடித்து, கதவைத் திரும்பிப் பார்க்கிறாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் என் முகம். அதில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குக் கொஞ்சம் கூடுதலாக நரைத்திருக்கிறது.